சோலார் இஸ்திரி வண்டிக்கு பேட்டரி ஆலோசனை தேவை

வணக்கம். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சோலாரில் ஓடும் இஸ்திரி வண்டி செய்கிறார்கள். திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் இப்படியொரு வண்டியை வடிவமைத்து, 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசியதுதான் தூண்டுதல். தெருமுனையில் நாள் முழுக்கக் கரிச்சூட்டில் நிற்கும் இஸ்திரிக்கார அண்ணனுக்கே வண்டியைக் கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள்.

சிக்கல் பேட்டரியில்தான். 750 வாட் பெட்டியை 12 வோல்ட்டில் ஓட்டினால் 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. வயர் தொட முடியாதபடி சுடுகிறது. 48 வோல்ட் என்றால் 16 ஆம்பியர் போதும். ஆனால் நான்கு லெட் ஆசிட் பேட்டரியை ஏற்றினால் வண்டியைத் தள்ளவே முடியாது. பழைய மின் ஸ்கூட்டர் லித்தியம் பேட்டரியை நம்பலாமா? பிள்ளைகள் கை வைக்கிற வேலை, பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மதுரைப் பக்கம் இருப்பவர்கள் ஒரு சனிக்கிழமை நேரில் வந்து பார்த்தால் பெரிய உதவி.