மேற்கு பார்த்த கொல்லையில் அம்மா உட்கார ஓர் இடம்

உறையூர்க்காரி:
வணக்கம். திருச்சி உறையூரில் எங்கள் வீடு. பின்னால் 20க்கு 15 அடி கொல்லை, மேற்கு பார்த்தது. ஒரு மூலையில் கிணறும் துவைக்கிற கல்லும், எதிர் மூலையில் செப்டிக் டேங்க்.

அம்மாவுக்கு 71 வயது. முட்டி வலி வந்ததிலிருந்து மாடிக்கு ஏறுவதில்லை. சாயங்காலம் கொல்லைப் படியில் உட்கார்ந்துதான் கீரை ஆய்வார். வெயில் நேராக முகத்தில் அடிக்கும். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஆய்ந்துகொண்டே இருப்பார். பார்க்கப் பொறுக்கவில்லை. அவர் உட்காரவும், லீவுக்கு வரும் பிள்ளைகளுக்கு நிலாச்சோறு போடவும் அங்கே ஓர் இடம் வேண்டும்.

கொல்லை முழுக்க டைல்ஸ் ஒட்டி மேலே தகர ஷீட் போட்டுவிடலாம் என்கிறார் கொத்தனார். ஷீட் என்றால் அனல் அடிக்காதா? கீற்று போட்டால் ஆடிக் காற்றுக்குத் தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கிணற்றடி:
ஷீட்டா கீற்றா என்பதெல்லாம் அப்புறம், சகோதரி. எங்கள் கொல்லையும் மேற்குதான். 2016இல் பத்தடி உயரத்தில் ஷீட் போட்டேன். நாலரை மணிக்குப் பார்த்தால் அதன் நிழல் வீட்டுச் சுவரில் விழுந்து கிடக்கிறது, நாற்காலியில் சுள்ளென்று வெயில். சாயங்கால வெயில் கூரைக்கு அடியில் புகுந்து வரும். மறைப்பு தலைக்கு மேல் வேண்டியதைவிட மேற்குப் பக்கம்தான் வேண்டும்.

பிறகு மேற்கு ஓரத்தில் இரண்டு இரும்புக் குழாய் நட்டு, கம்பி இழுத்து ரங்கூன் மல்லியை ஏற்றினேன். மூடுவதற்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. பொழுது சாயும்போது வெள்ளையாக விரியும், அடுத்த நாள் ரோஸ் ஆகும், பிறகு சிவக்கும். ஒரே கொத்தில் மூன்று நிறத்தையும் பார்க்கலாம். படரும் வரைக்கும் மூங்கில் தட்டி கட்டுங்கள். ஆடிக் காற்று வந்தால் சுருட்டி வைத்துவிடலாம்.

முழுக்க டைல்ஸ் வேண்டவே வேண்டாம். பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி வரை கக்கும். கறுப்புக் கடப்பா கல்லும் அப்படித்தான். 10க்கு 8 அடி தளம் தாராளம். மீதி மண்ணாகவே இருக்கட்டும். நாலு மணிக்கு ஒரு வாளித் தண்ணீர் தெளித்தால் போதும், உட்காரும் நேரத்துக்குக் குளிர்ந்திருக்கும்.

சாரப்பலகை:
கட்டட வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். தளத்துக்கு வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள், 10 அடிக்கு ஒன்றரை அங்குலமாவது. இல்லையென்றால் ஐப்பசி மழையில் தண்ணீர் சுவரோரம் தேங்கி ஓதம் ஏறும். வழவழப்பான டைல்ஸ் ஈரத்தில் வழுக்கும், அம்மா நடக்கிற இடம். சொரசொரப்பானதுதான் போட வேண்டும். செப்டிக் டேங்க் மூடிமேல் எதையும் நிரந்தரமாகக் கட்டிவிடாதீர்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003லிருந்தே நம் மாநிலத்தில் கட்டாயம். கிணறு இருக்கும்போது வேறு குழி எதற்கு? மொட்டைமாடித் தண்ணீரை ஜல்லியும் மணலும் நிரப்பிய தொட்டி வழியாகக் கிணற்றுக்கே விடுங்கள். பிள்ளைகள் வருகிற வீடு, கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி கட்டாயம்.

முக்கியமானது, உட்காரும் உயரம். முட்டி வலிக்காரர்களுக்குப் படியும் முக்காலியும் ஆகாது. திண்ணையை 18 அங்குலத்துக்குக் குறையாமல் கட்டுங்கள்.

உறையூர்க்காரி:
ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். இன்று நாலரைக்கும் ஐந்தரைக்கும் நிழல் விழும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே சரி. ஷீட் வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன்.

துவைக்கிற கல்லை மட்டும் எடுக்கக் கூடாது என்கிறார் அம்மா. பாட்டி காலத்துக் கருங்கல், சாய்வில்லாமல் போட்டது. அளந்தால் பதினெட்டரை அங்குலம். உட்காரச் சொல்லிப் பார்த்தேன். கீரைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆய்ந்து முடித்ததும் கை ஊன்றாமல் எழுந்தார். தளத்தை அந்தக் கல்லை ஒட்டியே போடச் சொல்லப்போகிறேன்.