நாலு வேளையும் வேற வேற கொடுத்தும் அஞ்சு வகை ஆகலையாம், ஏன்?

கேள்வி (சித்தூர், பாலக்காடு):
பாப்பாவுக்கு 9 மாசம். காலைல நேந்திரங்காப் பொடிக் கஞ்சி, மதியம் குழைஞ்ச சாதத்துல பருப்புத் தண்ணி, சாயங்காலம் அங்கன்வாடில தர்ற அமிர்தம் சத்துமாவுப் பொடி, ராத்திரி ராகிக் கூழ். தாய்ப்பாலும் உண்டு. அங்கன்வாடி டீச்சர் ஒரு நாளைக்கு அஞ்சு உணவு வகை வரணும், அது வரலைங்கிறாங்க. எங்க குறையுது?

பதில் 1:
டீச்சர் சொன்னது சரிதாங்க. அரிசி, ராகி, நேந்திரங்கா, அமிர்தத்துல இருக்கற கோதுமை நாலும் மாவுச்சத்துங்கற ஒரே வகை. கப்பை (மரவள்ளி), உருளை சேர்த்தாலும் அதே கணக்குதான். அமிர்தத்துல கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா இருக்கறதால பருப்பு வகை வந்துடுது. தாய்ப்பால் தனி வகை. ஆக மூணு.

பாக்கி அஞ்சு: பால்-தயிர், மீன்-கறி, முட்டை, உள்ளே ஆரஞ்சு-மஞ்சளா இருக்கற பழம்-காயும் கரும்பச்சைக் கீரையும், மத்த காய்-பழம். முந்தின நாள் பகல் ராத்திரி ரெண்டுலயும் சாப்பிட்டதுல 8க்கு 5 வரணும். முன்னாடி 7க்கு 4ன்னு இருந்துச்சு. தாய்ப்பாலைத் தனி வகையாச் சேர்த்ததும் மாறிடுச்சு.

பருப்புத் தண்ணியை நம்பாதீங்க. சத்து அடியில தங்கற பருப்புல இருக்கு. அதையே மசிச்சு ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயோட பிசைங்க. ஸ்பூனைச் சாய்ச்சா வழியாம நிக்கணும். நீர்க்க இருந்தா வயிறு ரொம்பிடும், எடை ஏறாது.

பதில் 2:
சுலபமா ரெண்டு வகை கூட்டலாம். சாதம் வேகறப்பவே ஒரு துண்டு மத்தனோ (மஞ்சள் பூசணி), உருவின முருங்கைக்கீரை ஒரு பிடியோ போட்டு மசிங்க. இன்னொரு வேளைக்கு முட்டை. வெள்ளை, மஞ்சள் ரெண்டும் கெட்டியாக வேகணும். முதல் நாள் பட்டாணி அளவு போதும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள தடிப்போ வாந்தியோ வந்தா நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. மூச்சுத் திணறினா உடனே ஆஸ்பத்திரி.

அமிர்தத்துல சர்க்கரை ஏற்கெனவே இருக்கு, வெல்லம் வேண்டாம். தேன் ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
மத்தி மீன் கொடுக்கலாமுங்களா? முள்ளுக்குப் பயமா இருக்கு. கீரையைத் துப்பறா.

பதில் 2:
கொடுக்கலாமுங்க. மிளகாய் இல்லாம வேக வெச்சு நடுமுள்ளை உருவுங்க. சதையைக் கிள்ளிக் கிள்ளி ரெண்டு விரலுக்கு நடுவுல நசுக்குங்க. மயிரிழை முள்ளு கண்ணுக்குத் தெரியாது, விரல்ல குத்தும். குழம்பை மட்டும் சாதத்துல தொட்டு வெச்சா மீன் கொடுத்த கணக்கில்லை.

கீரையை விட்டுடாதீங்க. ஒரே காயை எட்டு பத்து தடவை நீட்டின பிறகுதான் பல குழந்தைங்க வாயைத் திறக்கும். திணிக்காம ஒரு வாய் மட்டும் வெச்சுப் பாருங்க, நாளைக்கு மறுபடியும் அதே ஒரு வாய்.