புதுப்பிப்பு: விடியற்காலையில் வந்த அந்த எஃப்.எம். எதுவென்று தெரிந்துவிட்டது

நுவரெலியாப் பக்கம் எங்கள் தோட்டத்தில், விடியற்காலை 100.5-இல் பழக்கமில்லாத தமிழ் நிலையம் ஒன்று வந்து வந்து மறைகிறதே என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அது கொடைக்கானல். "ஸ்டீரியோவை நிறுத்தி மோனோவில் போடுங்கள், ஏரியலை வடமேற்குப் பக்கம் சாயுங்கள், நிலையத்தின் பெயரைச் சொல்லும்வரை மாற்றாதீர்கள்" என்ற பதுளை அண்ணனின் யோசனைதான் பலித்தது. மூன்றாம் நாள், ஆறு மணிக்குச் சற்று முன், அகில இந்திய வானொலி என்று தெளிவாகக் கேட்டது. கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர்! கையிலிருந்த தேத்தண்ணி ஆறியதே தெரியவில்லை.

காரணம், இங்கே அக்கா ஒருவர் சொன்னதேதான். காற்றசைவு இல்லாத தெளிந்த இரவில் கீழே குளிர்ந்த காற்றும் அதன் மேல் சூடான காற்றுமாக அடுக்கி நின்றால், மேலே போய்விட வேண்டிய அலை வளைந்து கடல் தாண்டி வருமாம். ரேடியோ பழுது என்றவர்கள் மன்னிக்கவும், பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

எதிர்பாராத ஒன்று: மூடுபனி நாளில்தான் நன்றாக எடுக்கும் என்று நினைத்தேன், இல்லை. தேயிலைக் கொழுந்தில் உறைபனி வெள்ளையாகப் படிந்த காலைகளில்தான் வந்தது. எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் வெறும் இரைச்சல். அப்புறம், லயத்துக்குள் (தோட்டத்து வரிசை வீடுகளுக்குள்) ஒன்றும் எடுக்காது. கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும்.