கன்ட்ரோல் பெப்டைடும் தடுக்குது, வழி சொல்லுங்க
வணக்கம், ஒரு ரிசெப்டர்ல (செல் மேல இருக்குற புரதம்) லிகண்ட் (அதுல வந்து ஒட்டுற மூலக்கூறு) எந்த இடத்துல ஒட்டுதுன்னு கண்டுபிடிக்க, ரிசெப்டரோட வெளிப்பகுதி சீக்வென்ஸ 15 அமினோ அமிலத் துண்டுகளா, ஒண்ணோட ஒண்ணு 10 ஓவர்லாப் ஆகுற மாதிரி பெப்டைடா (சின்னப் புரதத் துண்டா) வாங்கி, எது பைண்டிங்க தடுக்குதுன்னு செல்லுல பாத்துட்டு இருக்கேன். அடுத்தடுத்த ரெண்டு பெப்டைடு நல்லா தடுக்குது, பாத்ததும் அவ்ளோ சந்தோஷம், ஆனா அதே அமினோ அமிலங்கள வரிசை மாத்திப் போட்ட கன்ட்ரோலும் 100 மைக்ரோமோலார்ல பாதி தடுக்குது. லைசின், ஆர்ஜினின் நெறைய இருக்கு, அதனால வெறும் பாசிட்டிவ் சார்ஜ்தான் காரணமோ? ஃபைப்ரோநெக்டின்ங்கற புரதத்துல செல் ஒட்டுற ஆர்ஜிடி (RGD) அப்படிங்கற மூணு அமினோ அமில வரிசைல, டிய (அஸ்பார்டேட்) ஈயா (குளுட்டமேட்) மாத்தினாலே செல் ஒட்டாது, எனக்கு அந்த மாதிரி தெளிவு வேணும். முதல்ல அலனின் ஸ்கேனா (ஒவ்வொரு அமினோ அமிலமா அலனினா மாத்திப் பாக்குறது), இல்ல டோஸ் கொறைச்சுப் பாக்கவா? லூப் பகுதிங்கறதால சைக்ளிக் பெப்டைடு (வளையமா மூடினது) உதவுமா? செஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ், பெப்டைடு கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு.