அப்பத்தா பணஜிக்கு வர்றாக

குழு: நாட்டரசன்கோட்டை வீடு

சனிக்கிழமை

முத்தண்ணன், காலை 8:14
கோவா பயணத்தை இன்னைக்கு முடிவு பண்ணிடுவோம். கலங்குட்டுல கடலைப் பாத்த மாதிரி ஒரு ரிசார்ட் பாத்து வச்சிருக்கேன். நாலு நாள். பணஜியில வள்ளி வீட்டுக்கு ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்.

அண்ணமிண்டி (முத்தண்ணன் மனைவி), 8:16
தேதியைச் சொல்லுங்க. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துல லீவு கேக்கணும்.

அப்பச்சி (அப்பா), 8:20
செவ்வாய்ப் பொங்கல் முடிஞ்சுதான் எதுவும். அதுக்கு முன்னாடி அப்பத்தா வாசப்படி தாண்ட மாட்டாக.

வள்ளி, 8:31
அண்ணே, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கா வர்றீக? நான் இந்த ஊருக்கு வந்து மூணு வருஷம் ஆகப் போகுது. நம்ம வீட்டு ஆளுக ஒருத்தர்கூட இன்னும் இதைப் பாக்கலை. கோவா வர்றவுக நெறையப் பேரு பாலத்து மேல கார்ல போறப்ப பணஜியை எட்டிப் பாக்குறதோட சரி. நாலு நாளும் எங்க வீட்டுல இருங்க. ரெண்டு ரூமு, ஒரு கூடம். பாய் விரிச்சுப் படுத்துக்கலாம். கடலுக்கு ஒரு நாள் போயிட்டு வருவோம். மீராமார் கடற்கரை ஊருக்குள்ளேயே இருக்கு, மாண்டவி ஆறு கடல்ல சேர்ற இடம்.

சோலை (வள்ளியை ஆச்சின்னு கூப்பிடுற தம்பி), 8:33
ஆச்சி, தலைநகரம்னா சென்னை மாதிரி ஒரே நெரிசலா இருக்காதா?

வள்ளி, 8:40
நீ நினைக்கிற தலைநகரமே இல்லடா. 2011 கணக்குல பணஜி ஊருக்குள்ள ஏறக்குறைய 40,000 பேர்தான். காரைக்குடியில அப்பவே 1,06,000 பேருக்கு மேல. சட்டசபைகூட ஊருக்குள்ள இல்லை, அக்கரையில போர்வோரிம்ல இருக்கு. இங்ஙன ஆத்தோரமா நிக்குறது பழைய செயலகம். அது அடில் ஷா சுல்தான் அரண்மனையா இருந்தது. 1759-ல போர்த்துக்கீசிய ராஜப்பிரதிநிதி பழைய கோவாவுலேர்ந்து இங்ஙன குடி வந்தாராம். கடைத்தெரு, தபாலாபீசு, மார்க்கெட்டு எல்லாம் நடந்தே போயிடலாம். மத்தியானம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திட்டுத் தூங்கப் போயிடுவாக, சாயந்தரம்தான் திறப்பாக. அப்பச்சிக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்பச்சி, 8:42
நல்ல பழக்கம்.

அண்ணமிண்டி, 8:43
படகுல சூதாட்டம் நடக்குமாமே வள்ளி? பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்றோம், அதான் கேக்குறேன்.

வள்ளி, 8:47
ஆத்துல கேசினோ கப்பலுக நிக்குது அண்ணமிண்டி. ராத்திரி அந்த விளக்கு வெளிச்சத்துல ஆறே கண்ணுக்குத் தெரியாது. எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நாம விடியக்காலம் போவோம். அப்ப ஆறு நம்ம கிட்ட இருக்கும்.

அப்பத்தா (பேசினதை சோலை எழுதுறேன்), 9:05
"ஆத்தா வள்ளி, ஆத்தங்கரை ஊருங்குறே. அப்ப ஆத்துத் தண்ணியத்தான் குடிக்கிறீகளா? நம்ம பக்கம் ஆறு ஏது. ஊருணியக் காவல் காத்துத்தான் குடிச்சோம். அம்புட்டுத் தண்ணி வாசல்ல ஓடினா பயமா இருக்காதா?"

வள்ளி, 9:26
அப்பத்தா, நல்ல கேள்வி கேட்டீக. வந்த புதுசுல நானும் இதைத்தான் கேட்டேன். ஆத்துத் தண்ணி இங்ஙன உப்பு. வாயில வைக்க முடியாது. கடல் பக்கத்துலேயே இருக்குறதால ஏத்தம் வந்தா கடல் தண்ணி ஆத்துக்குள்ள ஏறும், வத்தம் வந்தா இறங்கும். ஒரு நாள் காலையில படகுத்துறையில உக்காந்திருந்தேன். ஒரு தேங்காய் மட்டை கடல் பக்கமிருந்து மலைப் பக்கமா மிதந்து போச்சு. ஆறு திரும்பி ஓடுதேன்னு அப்படியே பாத்துட்டே இருந்தேன். மத்தியானம் பாத்தா எல்லாக் குப்பையும் செத்தையும் கடலைப் பாத்து வருது. குடிக்கிற தண்ணி உள்ளே ஒபாங்குற ஊர்லேர்ந்து குழாய்ல வருது, காண்டேபார்னு இன்னொரு ஆத்துத் தண்ணி. அது நல்லா இருக்கும்.

பயம் மழைக்காலத்துலதான். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் விடாது. வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல பெய்யுது. நம்ம சீமையில ஆயிரம் தொட்டாலே கொண்டாடுவோம். முதல் வருஷம் பீரோவைத் திறந்தா கல்யாணச் சேலை மடிப்பெல்லாம் பூஞ்சணம். உக்காந்து அழுதேன். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து ஒவ்வொண்ணா உதறிக் காயப்போட்டு, பீரோவுக்குள்ள ராத்திரியும் பகலும் ஒரு சின்ன பல்பு எரிய விடச் சொன்னாக. அதுக்கப்புறம் ஒரு சேலைகூடக் கெடலை.

அப்பத்தா (சோலை), 9:31
"அந்தப் பாட்டிக்கு நான் தேன்குழல் கொண்டாறேன்னு சொல்லு."

அப்பச்சி, 9:40
அந்த ஆறுதானே தண்ணிக்காகக் கர்நாடகத்தோட வழக்கு நடக்குற மகதாயி?

வள்ளி, 9:44
அதேதான் அப்பச்சி. மேலே காட்டுக்குள்ள மகதாயி, பணஜி வந்தா மாண்டவி. 2018-ல தீர்ப்பாயம் தீர்ப்புச் சொல்லியும் சண்டை ஓயலை. இங்ஙன டீக்கடையில அதைப் பேசுறப்ப தஞ்சாவூர்ல காவிரி பேசுற மாதிரியே இருக்கும்.

முத்தண்ணன், 9:52
அப்பச்சி முட்டி வலியோட அங்ஙன எப்படிச் சுத்துவாக? டாக்சி கொள்ளை விலைன்னு கேள்விப்பட்டேன்.

வள்ளி, 10:10
டாக்சி கூடுதல்தான், ஒத்துக்கிறேன். ஒத்தை ஆளுன்னா பைலட் இருக்காக, மஞ்சள் கறுப்பு பைக்குல பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவாக. அது அப்பச்சிக்கு வேண்டாம். மாதா கோயில் படிக்கட்டும் வேண்டாம், கீழே நின்னு பாத்தாலே வெள்ளை வெளேர்னு மனசு நிறையும். அப்பச்சிக்கு நான் வேற யோசிச்சு வச்சிருக்கேன். பாட்டோங்குற பகுதியில மத்திய நூலகம், 1832-ல தொடங்கினது. குளுகுளுன்னு ஒரு காலைப் பொழுது பூரா உக்காந்து படிக்கலாம். சாயந்தரம் அக்கரையில பெத்திம் போற படகு. நடந்து ஏறுறவுகளுக்குக் காசே இல்லை. படகோட முன்பக்கப் பலகை அப்படியே கரையில இறங்கும். பைக்கு, காரு, மீன்கூடைக்காரம்மா எல்லாரும் ஒண்ணா ஏறுவாக. அஞ்சாறு நிமிஷம், அக்கரை.

பாட்டி சொன்னாக, 1970-ல கட்டின முதல் பாலம் 1986 ஜூலையில இடிஞ்சு விழுந்துச்சாம். அதுக்கப்புறம் ஊரே படகுத்துறையில குடையைப் பிடிச்சுக்கிட்டு வரிசையில நின்னுச்சாம். இப்ப மூணு பாலம் இருக்கு. ஆனாலும் பாட்டி படகுலதான் போவாக.

சோலை, 10:12
எனக்கு?

வள்ளி, 10:15
உனக்கும் பிள்ளைகளுக்கும் சோராவ் தீவு. ரிபந்தர்லேர்ந்து இன்னொரு படகு. அலையாத்திக் காட்டுக்குள்ள சலீம் அலி பேர்ல பறவைச் சரணாலயம். ரிபந்தர் போற ரோடே தண்ணிக்கு நடுவுல போட்ட பழைய பாலம், 1630-கள்ல கட்டினது, மூணு கிலோமீட்டருக்கு மேல நீளம். அதுல இன்னைக்கும் பஸ்ஸு போகுது!

அப்பத்தா (சோலை), 10:30
"சாமி கும்பிட ஒரு கோயில் இல்லாத ஊரா அது? எல்லாம் மாதா கோயிலாச் சொல்றாளே."

வள்ளி, 10:38
இருக்கு அப்பத்தா. ஊருக்குள்ள மகாலட்சுமி கோயில் இருக்கு. ஒரு நாள் மங்கேஷி கூட்டிட்டுப் போறேன், போண்டா போற வழி. சிவன். 1560-ல போர்த்துக்கீசியருக்குப் பயந்து லிங்கத்தைத் தூக்கிக்கிட்டு ஆத்தைத் தாண்டி வந்து வச்சாகளாம். வாசல்ல ஏழு நிலை தீபஸ்தம்பம். அதைப் பாத்தப்ப உங்களைத்தான் நினைச்சேன்.

அப்பத்தா (சோலை), 10:41
"சாமியத் தூக்கிக்கிட்டா..." (ஆச்சி, அப்பத்தா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. கண்ணைத் தொடைச்சாக.)

முத்தண்ணன், 11:20
சரி, ரிசார்ட்டுக்கு இன்னும் பணம் கட்டலை. கலர் கலரா வீடு இருக்குமே, நீ இருக்குறது அந்தத் தெருவா? படத்துல பாத்தேன். அங்ஙன பிள்ளைகளை நிறுத்தி நாலு படம் எடுக்கணும்.

வள்ளி, 11:42
அது ஃபோன்டைன்ஹாஸ். நாங்க அதுக்கு அடுத்தாப்புல மாலாவுல இருக்கோம். நடந்து வருவோம் அண்ணே, நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா யார் வீட்டுப் படியிலயும் ஏறி நின்னு படம் எடுக்கக் கூடாது. இதை நான் கெஞ்சியே கேக்குறேன். அந்த வீடுகள்ல ஆளுக குடியிருக்காக. வயசானவுக உள்ளே தூங்கிட்டு இருப்பாக, வெளியில யாராவது ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு நிப்பாக. படம் எடுக்காதீகன்னு வீட்டுக்கு வீடு பலகை மாட்டியிருக்காக. காணாடுகாத்தான்ல பெரிய ஆயா வீட்டு வாசல்ல யாரோ செருப்புக் காலோட ஏறி நின்னு படம் பிடிச்சப்ப ஆயா முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கலை. அதனாலதான் ரிசார்ட் வேண்டாம்னு சொல்றேன். விருந்தாளியா ஒரு வீட்டுக்கு வந்தா தெருவே நம்மளைப் பாத்துச் சிரிக்கும்.

அப்பச்சி, 11:45
வள்ளி சொல்றது சரி. முத்து, ரிசார்ட்டை விட்டுடு.

முத்தண்ணன், 11:47
சரி அப்பச்சி.

அண்ணமிண்டி, 11:48
எனக்கும் அதுதான் மனசுல இருந்துச்சு. காலைப் பலகாரத்துக்கு என்ன செய்வே வள்ளி? மாவு அரைச்சுக் கொண்டாரவா?

வள்ளி, 11:55
மாவு வேண்டாம், கவுனி அரிசி கொண்டாங்க. விடியக்காலம் சைக்கிள்ல பொதேர் வருவாரு, பாவ் ரொட்டி விக்கிறவரு. பாங் பாங்னு ரப்பர் ஹாரன் அடிப்பாரு. கூடையில நீலத் தார்ப்பாயைத் தூக்கினா ஆவி பறக்கும். பிள்ளைகளைக் காசு குடுத்து வாங்க விடுங்க. ஒரே நாள்ல கொங்கணி பேசிடுவாக.

அப்பச்சி, மதியம் 12:20
திருநெல்வேலி போயி ஜாம்நகர் வண்டி ஏறினா மட்காவ்ல இறங்கலாம்னு போட்டிருக்கு. ஒரு ராத்திரி ரயில்ல. தினமும் ஓடாது, அதனால தேதி பாத்து எடுக்கிறேன். மாப்பிள்ளைகிட்டே சொல்லிடு ஆத்தா.

வள்ளி, 12:22
அவுக பக்கத்துலதான் இருக்காக அப்பச்சி. ஸ்டேஷனுக்கு அவுகளே வந்துடுவாக.

அப்பத்தா (சோலை), மாலை 5:10
"நான் பகல்ல எங்கே உக்காருவேன்? கட்டில்லயே கிடக்க என்னால ஆகாது. திண்ணை உண்டா?"

வள்ளி, 5:18
உண்டு அப்பத்தா! இங்ஙன பல்காவ்னு சொல்றாக. வாசல்ல நாலு படி, ரெண்டு பக்கமும் எதிரெதிரா உக்கார்ற திண்டு, மேலே ஓடு. சாயந்தரம் பாட்டி எதிர்த் திண்டுல வந்து உக்காருவாக. பின்னாடி ஜன்னல்ல கண்ணாடிக்குப் பதிலா சிப்பி. உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான சிப்பியைச் சீவி மரச்சட்டத்துல சொருகியிருக்காக. வெயில் அதுக்குள்ள வர்றப்ப பால் நிறமா ஆயிடும்.

[படம்]

அப்பத்தா (சோலை), 5:24
"சிப்பியா? நாம அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிச் சுவத்துல பூசினோம். அவுக ஜன்னல்ல வச்சிருக்காக. சரி, அந்தத் திண்டு எம்புட்டு உசரம்? என் காலு தரையில எட்டுமா?"

வள்ளி, 5:31
இருங்க, டேப் எடுத்துட்டு வந்து அளக்குறேன்.

வள்ளி, 5:36
பதினெட்டு அங்குலம் அப்பத்தா.

அப்பத்தா (சோலை), 5:39
"நம்ம திண்ணை இருபத்து நாலு. அப்ப எட்டும். சீட்டு எடுக்கச் சொல்லு."