லீனியர் டைப்: ஒரே தடவைதான் தொடுகிறேன், ஏன் திட்டுகிறது? (அவசரம்)

கடைசிபெஞ்ச்:
ஹாஸ்கெல் மொழியில் ஃபைல் ஹேண்டிலை (திறந்த ஃபைலைக் குறிக்கும் மதிப்பு) லீனியராக, அதாவது சரியாக ஒரே தடவை செலவாக வேண்டியதாக, எழுதிப் பார்க்கிறேன். மூட மறந்தால் கம்பைலரே பிடிக்க வேண்டும், அதற்குத்தான். ஒவ்வொரு ஹேண்டிலையும் ஒரே இடத்தில்தான் தொடுகிறேன். ஆனாலும் ‘மெனி’யும் (பல தடவை) ‘ஒன்’னும் (ஒரு தடவை) பொருந்தவில்லை என்கிறது. லீனியர் டைப் எக்ஸ்டென்ஷன் போட்டாயிற்று. இரண்டு மணி நேரமாக மண்டை காய்கிறது.

மடக்கை:
கோட் எங்கே? ஜிஹெச்சி கம்பைலர் எந்தப் பதிப்பு?

நத்தை:
சோம்பேறி மதிப்பீடுதான் (தேவைப்படும்வரை கணக்கிடாமல் தள்ளிப்போடுவது) காரணமாக இருக்கும். ஹாஸ்கெல்லில் எது உடைந்தாலும் நான் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

துருப்பிடித்தவன்:
ரஸ்ட் மொழிக்கு வந்துவிடுங்கள். இதெல்லாம் அங்கே தானாக நடக்கும்.

பழையகணக்கு:
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். லீனியர் ஃபங்ஷனின் டைப்பில் வரும் %1 அம்பு, நீங்கள் எத்தனை இடத்தில் எழுதினீர்கள் என்று எண்ணுவதில்லை. விடை சரியாக ஒரு தடவை நுகரப்பட்டால் உள்ளீடும் சரியாக ஒரு தடவை நுகரப்படும், அவ்வளவுதான் அதன் வாக்கு. 2018-இல் பாப்பிள் என்ற நிரல்மொழி ஆய்வு மாநாட்டில் வந்த லீனியர் ஹாஸ்கெல் கட்டுரையைப் படித்துவிட்டு வரவும். அப்புறம், ரஸ்ட் லீனியர் அல்ல, அஃபைன். அதிகபட்சம் ஒரு தடவை. பயன்படுத்தாமலே விட்டாலும் கேட்காது.

துருப்பிடித்தவன்:
விட்டால் டிராப் (மதிப்பின் ஆயுள் முடியும்போது தானாக ஓடும் கோட்) ஓடி மூடிவிடுமே! நடைமுறையில் என்ன வித்தியாசம்?

பழையகணக்கு:
டிராப்பை ஓடவிடாமலே மதிப்பை விட்டுவிட மெம் ஃபர்கெட் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு அன்சேஃப் (ஆபத்தான கோட் என்ற குறி) கூடத் தேவையில்லை. டிராப் ஓடியே தீரும் என்று நம்பி எழுதிய ஸ்கோப்டு த்ரெட் வசதியை 2015-இல் ரஸ்ட் 1.0 வருவதற்கு முன் தூக்கியது ஏன் என்று தேடிப் பாருங்கள்.

எண்ணிக்கை01:
இட்ரிஸ் 2 மொழியில் எத்தனை தடவை என்பதற்கு 0, 1, வரம்பில்லாதது என மூன்றும் உண்டு. 0 என்றால் ஓடும்போது அந்த மதிப்பே இருக்காது. எனக்குப் பிடித்தது அதுதான்.

மடக்கை:
சரி, கேட்டவர் எங்கே?

கடைசிபெஞ்ச்:
மன்னிக்கவும், பஸ்ஸில் இருந்தேன். ஜிஹெச்சி 9.4. ஹே என்பது ஹேண்டில். லெட் (வரி, ஹே2) = படி ஹே என்று பிரித்து, அடுத்து மூடு ஹே2. இது தெரிந்ததுதானே என்று போடவில்லை.

மடக்கை:
அந்த லெட்தான். 9.0-இல் லீனியர் டைப் வந்ததிலிருந்து லெட் (let), வேர் (where) இரண்டும் எதற்குப் பெயர் வைத்தாலும் ‘மெனி’ என்றே கணக்கு. அதனால் ஹே பல தடவை செலவானதாக எடுத்துக்கொள்கிறது. லெட்டுக்குப் பதில் கேஸ் (case) போட்டுப் பிரியுங்கள். 2024-இல் வந்த 9.10-இல் லெட்டும் லீனியராக இருக்கலாம். ஆனால் இப்படி ஜோடியைப் பிரிக்கும்போது முன்னால் ஆச்சரியக்குறி (உடனே பிரி என்று பொருள்) வேண்டும். தள்ளிப்போட்டுப் பிரிக்கும் சோம்பேறி பேட்டர்ன் அங்கேயும் செல்லாது.

நத்தை:
சோம்பேறி என்று முதலிலேயே சொன்னேன் 🙂

பழையகணக்கு:
9.4-இல் ஆச்சரியக்குறி போட்டாலும் ஓடாது. நத்தை சொன்னது குருட்டாம்போக்கில் எறிந்த கல்.

கடைசிபெஞ்ச்:
கேஸ் போட்டேன், ஓடுகிறது. மூடு வரியை அழித்துப் பார்த்தேன், உடனே திட்டியது. நன்றி மடக்கை.

எண்ணிக்கை01:
படிக்கும்போது நடுவில் எக்ஸெப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) வந்தால் யார் மூடுவது? அதை டைப் கவனிப்பதில்லையே. கடைசிபெஞ்ச், அதற்கு என்ன செய்திருக்கிறீர்கள்?

எண்ணிக்கை01:
இருக்கிறீர்களா?