புதுப்பிப்பு: லெப்ரானின் கடைசி லேஅப், விசில் ஊதாத நடுவர்கள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் செல்டிக்ஸ் - லேக்கர்ஸ் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் (2023 ஜனவரி 28) ஸ்கோர் 105-105 என்றிருந்தபோது லேஅப் (கூடைக்கு அருகே சென்று பந்தைப் போடுவது) போன லேக்கர்ஸின் லெப்ரான் ஜேம்ஸின் கையை செல்டிக்ஸின் டேட்டம் தட்டியது ஃபவுல்தான் (விதிமீறல்) என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது ஆட்டத்தின் இறுதிக்கட்டத் தீர்ப்புகளை மறுஆய்வு செய்து என்பிஏ வெளியிடும் கடைசி இரண்டு நிமிட அறிக்கையும் அதையே சொல்கிறது. ஆட்டம் முடிந்ததுமே நடுவர் குழுவும் கவனிக்கத் தவறியதை ஒப்புக்கொண்டது.

சரி, பயன்? ஒன்றுமில்லை. கூடுதல் நேரத்தில் செல்டிக்ஸ் 125-121 என்று ஜெயித்தது, அது அப்படியே நிற்கும்.

லேக்கர்ஸ் பயிற்சியாளர் ஏன் சேலஞ்ச் (தீர்ப்பை வீடியோவில் மறுபரிசீலிக்கச் சொல்வது) கேட்கவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். நடுவர் விசில் ஊதிக் கொடுத்த தீர்ப்பைத்தான் அப்படி எதிர்க்க முடியும். ஊதாத விசிலை எதிர்க்க விதியில் இடமில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

மறு ஆட்டம்? 2007 டிசம்பரில் நடந்த ஹீட் - ஹாக்ஸ் ஆட்டத்தின் கடைசி 51.9 நொடிகளை 2008 மார்ச்சில் திரும்ப ஆடவைத்தார்கள். ஆனால் அங்கே ஹீட் வீரர் ஷாக்கீல் ஓ'நீலின் ஐந்து ஃபவுல்களை ஆறாக எண்ணி (ஆறானால் வெளியேற வேண்டும்) வெளியே அனுப்பியிருந்தார்கள். அது கணக்குப் பிழை. இது நடுவரின் கண் சம்பந்தப்பட்டது, புகாரே எடுபடாது.

அப்புறம், அந்த ஃபவுலின் படம் இருந்த கேமராவைக் கொண்டுபோய் நடுவரிடம் காட்டப்போன லேக்கர்ஸ் வீரர் பெவர்லிக்கு டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைக்கான தண்டனை) கொடுத்தார்களே, அந்த விசில் மட்டும் சரியாக ஊதியது!